பாலம் கட்டிய ஆளுநர்

நுழையும்முன்

கடல் கடந்து சென்று அந்நிய மண்ணில் ஆட்சி நடத்தியோர் வரலாற்றில் பலர். அவர்களுள் பெரும்பாலோர் அம்மண்ணின் செல்வத்தை மட்டுமே நாடினர். அங்குள்ள செடிகொடிகளையும் விலங்குகளையும் விண்மீன்களையும் மக்களையும் அறிய முயன்றோர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர், செருமானிய நிலத்தில் பிறந்து, டச்சு நாட்டினரின் சார்பில் தென்னமெரிக்காவின் பிரேசிலில் ஆளுநராகப் பணியாற்றிய யோகான் மௌரிட்ஸ். அறிவையும் சமயப் பொறையையும் போற்றிய அவரே அடிமை வணிகத்தை வளர்த்தவராகவும் இருந்தார். ஒரே வாழ்வில் ஒளியும் இருளும் கலந்து நின்ற அம்மனிதரின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

குடிப்பிறப்பும் கல்வியும்

செருமனியில் உள்ள டில்லன்பர்க் என்னும் ஊரில் 1604ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் யோகான் மௌரிட்ஸ் பிறந்தார். தந்தையார் நாசாவ்-சீகன் சிறுநாட்டின் கோமகனாகிய ஏழாம் யோகான், தாயார் மார்கரெத்தா. ஸ்பெயினின் ஆதிக்கத்தை எதிர்த்து டச்சு மக்களை விடுதலைப் போருக்குத் திரட்டிய ஆரஞ்சு இளவரசர் வில்லியம், யோகான் மௌரிட்ஸுடைய பாட்டனாரின் உடன்பிறந்தார். ஆகவே, செருமானிய மண்ணில் பிறந்த அக்குழந்தைக்கு டச்சு நாட்டுடனான உறவு குருதியிலேயே அமைந்திருந்தது.

தந்தையாருக்கு இரு மனைவியர்வழிப் பிறந்த பிள்ளைகள் இருபதின்மருக்கும் மேற்பட்டோர். நாடோ சிறியது. அதைப் பலருக்கும் பங்கிட்டால் எவருக்கும் நிறைவான வருவாய் கிட்டாது. எனவே, அக்குடியில் பிறந்த ஆண்மக்கள் தம் வாழ்வைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஏழாம் யோகான் போர்க்கலையில் ஆழ்ந்த புலமை உடையவர். சீகன் நகரில் இளம் பிரபுக்களுக்கென ஒரு போர்ப்பயிற்சிப் பள்ளியையும் நிறுவினார். யோகான் மௌரிட்ஸ் ஹெர்போர்ன், பாசல், ஜெனீவா ஆகிய நகரங்களில் கல்வி பயின்றார். மொழிகளையும் கணிதத்தையும் வரலாற்றையும் அங்குக் கற்ற அவர், போர்க்கலையைத் தந்தையாரின் மரபிலிருந்து பெற்றார்.

அக்காலச் செருமனி சமயப் பூசலால் சிதறுண்டு கிடந்தது. 1618இல் தொடங்கிய போர் முப்பது ஆண்டுகள் நீடித்து ஊர்களைப் பாழாக்கியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறித்தவரும் ஒருவரையொருவர் பகைத்தனர். அப்பகை நாசாவ்-சீகன் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. யோகான் மௌரிட்ஸின் மூத்த உடன்பிறந்தார் ஒருவர் கத்தோலிக்கராக மாறி ஸ்பெயினின் பக்கம் சேர்ந்தார். யோகான் மௌரிட்ஸோ கால்வினின் நெறியிலேயே நின்று டச்சுப் படையில் சேர்ந்தார். சமய வேற்றுமை ஒரு குடும்பத்தையும் நாட்டையும் எவ்வாறு பிளக்கும் என்பதை அவர் இளமையிலேயே கண்டார். பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ள இச்சூழல் துணைபுரிகிறது.

போர்க்களத்தில் பெற்ற பெயர்

டச்சுப் படையில் இளம் வயதிலேயே சேர்ந்த யோகான் மௌரிட்ஸ், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் களத்தில் நின்றார். 1629இல் ஸெர்டோகன்போஸ் கோட்டை முற்றுகையிலும், 1632இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையிலும் பங்குகொண்டார். 1636இல் ரைன் ஆற்றங்கரையில் உள்ள ஸ்கெங்கன்ஸ்கன்ஸ் கோட்டையை மீட்ட போரில் அவர் பெற்ற புகழ் டச்சு நாடெங்கும் பரவியது.

இதற்கிடையே, 1633இல் தி ஹேக் நகரில், ஆட்சிமன்றத்தை அடுத்த நிலத்தில் தமக்கென ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். யாக்கோப் வான் காம்பன் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அதன் வடிவத்தை வரைந்தார். மாளிகை அழகாக எழுந்தது. ஆனால், செலவு படைத்தலைவர் ஒருவரின் வருவாயை விஞ்சியது. கடன் சுமை அழுத்திய அந்த வேளையில்தான் கடலுக்கு அப்பாலிருந்த நாடு ஒன்றை ஆளும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது.

கம்பெனியின் அழைப்பு

1621இல் தோற்றுவிக்கப்பட்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் வணிகம் செய்யும் உரிமையைப் பெற்றிருந்தது. அந்நாளில் போர்ச்சுகல், ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனவே, ஸ்பெயினோடு போரிட்ட டச்சு நாட்டினர் போர்ச்சுகலின் குடியேற்றங்களையும் தாக்கினர். 1630இல் கம்பெனியின் படை பிரேசிலின் வடகிழக்கே இருந்த பெர்னாம்புகோ பகுதியில் இறங்கி, ஒலிண்டா நகரையும் ரெசிஃபி துறைமுகத்தையும் கைப்பற்றியது.

அப்பகுதியின் செல்வம் கரும்பு. ஆற்றங்கரைச் சமவெளிகளில் கரும்புத் தோட்டங்களும், அவற்றின் நடுவே சர்க்கரை ஆலைகளும் அமைந்திருந்தன. ஐரோப்பியச் சந்தையில் சர்க்கரைக்குப் பெருவிலை கிடைத்தது. ஆனால், பல ஆண்டுகள் நடந்த போரில் ஆலைகள் எரிந்தன. உரிமையாளர் பலர் ஊரைவிட்டு ஓடினர். நாட்டைக் கைப்பற்றிய கம்பெனிக்கு அதனால் இலாபம் கிட்டவில்லை. படைநடத்தும் திறனும் ஆளும் திறனும் ஒருங்கே வாய்த்த ஒருவரை அது தேடியது. 1636இல் யோகான் மௌரிட்ஸைப் பிரேசிலின் ஆளுநராக அமர்த்தியது. அவ்வாண்டு அக்டோபரில் புறப்பட்ட அவர், 1637ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் ரெசிஃபியில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

தெரியுமா?

டச்சு நாட்டில் இருபெரும் வணிகக் கம்பெனிகள் இருந்தன. 1602இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியாவில் வணிகம் செய்தது. தமிழகத்தின் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகளைக் கொண்டிருந்தது அக்கம்பெனியே. யோகான் மௌரிட்ஸ் பணியாற்றியது அதற்குப் பின்னர்த் தோன்றிய மேற்கிந்தியக் கம்பெனியில் ஆகும்.

வாளும் செங்கோலும்

வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே புதிய ஆளுநர் தெற்கு நோக்கிப் படை நடத்தினார். போர்த்து கால்வோ என்னும் அரணைக் கைப்பற்றினார். எதிரிகளை சான் பிரான்சிஸ்கோ ஆற்றுக்கு அப்பால் துரத்தினார். ஆற்றையே எல்லையாகக் கொண்டு, அதன் கரையில் ஒரு கோட்டையையும் எழுப்பினார். ஆனால், 1638இல் போர்ச்சுகீசியப் பிரேசிலின் தலைநகராகிய சல்வதோரை முற்றுகையிட்டபோது வெற்றி கிட்டவில்லை. நாற்பது நாள் அளவில் நீடித்த முற்றுகையைக் கைவிட்டு, பல வீரர்களை இழந்து அவர் திரும்ப நேர்ந்தது. அவர் போரில் கண்ட பெருந்தோல்வி அதுவே.

வென்ற நிலத்தை ஆள்வது வெல்வதினும் கடினம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். படைவீரரின் கட்டுப்பாடின்மையையும் அலுவலரின் கையூட்டையும் ஒடுக்கினார். கைவிடப்பட்ட ஆலைகளைக் கம்பெனியின் உடைமையாக்கித் தவணைமுறையில் விற்றார். ஓடிப்போன போர்ச்சுகீசியத் தோட்டக்காரர் திரும்பிவந்து பயிர்செய்யுமாறு அழைத்தார். அவர்களுக்கு வரிச்சலுகையும் கடனும் வழங்கச் செய்தார். எங்கும் கரும்பே பயிரிடப்பட்டதால் உணவுப் பஞ்சம் நேர்வதைக் கண்டு, ஒவ்வொரு தோட்டக்காரரும் குறிப்பிட்ட அளவு மரவள்ளி பயிரிட வேண்டும் என ஆணையிட்டார். முந்திரி மரங்களை வெட்டுவதையும், கரும்புச் சக்கையை ஆறுகளில் கொட்டுவதையும் தடைசெய்தார்.

1640ஆம் ஆண்டில் அவர் ரெசிஃபியில் ஓர் அவையைக் கூட்டினார். போர்ச்சுகீசியக் குடிகளின் சார்பாளர்கள் அங்கு வந்து தம் குறைகளை எடுத்துரைத்தனர். வென்றவர் தோற்றவரை அழைத்து, ஆட்சியைப் பற்றிக் கருத்துக் கேட்பது அக்காலத்தில் அரிய செயலாகும். தென்னமெரிக்க மண்ணில் கூடிய முதல் மக்கள் அவைகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

தீவில் எழுந்த நகரம்

ரெசிஃபி துறைமுகம் கடலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட குறுகிய மணல்திட்டில் அமைந்திருந்தது. பெருகிய மக்களுக்கு அங்கு இடம் போதவில்லை. எனவே, யோகான் மௌரிட்ஸ் எதிரே இருந்த அந்தோனியோ வாஸ் தீவில் புதிய நகரம் ஒன்றைத் திட்டமிட்டார். கால்வாய்களும் நேரான தெருக்களும் சந்தைத் திடலும் கொண்ட அந்நகரம், அவர் பெயராலேயே மௌரிட்ஸ் நகர் என வழங்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் நகர் எழுப்புவதில் டச்சு மக்களுக்கு இருந்த பட்டறிவு அங்குப் பயன்பட்டது.

நகரின் ஓரத்தில் ஃப்ரைபர்க் என்னும் மாளிகையை அவர் கட்டினார். அதன் இரட்டைக் கோபுரங்கள் கடலில் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளமாக விளங்கின. மாளிகையைச் சூழ்ந்த பெருந்தோட்டத்தில், நன்கு வளர்ந்த தென்னை மரங்களை வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து நூற்றுக்கணக்கில் நட்டார். முதிர்ந்த தென்னை வேற்றிடத்தில் பிழைக்காது எனப் பலர் கருதினர். மரங்களோ தழைத்துக் காய்த்தன. ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை போன்ற கனிமரங்களும் மீன்குளங்களும் அத்தோட்டத்தில் இருந்தன. பிரேசிலின் காடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொணரப்பட்ட பறவைகளும் விலங்குகளும் அங்கு வளர்க்கப்பட்டன.

சமயப் பொறை

யோகான் மௌரிட்ஸின் குடிகளுள் கால்வினிய டச்சுக்காரரும், கத்தோலிக்கப் போர்ச்சுகீசியரும், யூதரும், பழங்குடியினரும் இருந்தனர். ஐரோப்பாவில் இவர்கள் ஓரிடத்தில் அமைதியாக வாழ்வதை எண்ணிப்பார்ப்பதே அரிது. இங்கோ கத்தோலிக்கர் தம் கோயில்களில் வழிபட்டனர். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் மறைந்து வாழ நேர்ந்த யூதர், ரெசிஃபியில் வெளிப்படையாகத் தம் சமயத்தைப் பின்பற்றினர். அமெரிக்கக் கண்டங்களின் முதல் யூதத் தொழுகைக்கூடம் அங்குதான் அமைந்தது. அதன் குருவாக இசாக் அபோவாப் 1642இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து பணியாற்றினார்.

கால்வினிய மதகுருமார் இவ்விணக்கத்தை விரும்பவில்லை. பிற சமயத்தாரின் பொதுவழிபாட்டைத் தடுக்குமாறு பலமுறை வற்புறுத்தினர். அவர்களுக்காகச் சில கட்டுப்பாடுகளை ஆளுநர் விதித்தார். எனினும், எவரும் தம் நம்பிக்கைக்காக ஒறுக்கப்படாதவாறு காத்தார். இது அருளுணர்வால் மட்டும் விளைந்ததன்று. ஆலைகளை இயக்கத் தெரிந்தவர் கத்தோலிக்கர். வணிகத்தை நடத்தியவருள் பலர் யூதர். அவர்களைப் பகைத்தால் நாடு நிலைக்காது என்னும் அரசியல் தெளிவும் அதில் இருந்தது.

ஆளுநரின் அறிஞர் அவை

படைவீரரையும் கணக்கரையும் மட்டும் கம்பெனி அனுப்பியது. யோகான் மௌரிட்ஸ் தம்முடன் ஓவியரையும் அறிஞரையும் சேர்த்துக்கொண்டார். ஹார்லம் நகரத்து ஓவியர் ஃபிரான்ஸ் போஸ்ட் பிரேசிலின் நிலக்காட்சிகளை வரைந்தார். ஆறும், அகன்ற வானமும், ஆலைகளும், பனைகளும் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றன. ஆல்பர்ட் எக்கவுட் என்னும் ஓவியர் மனிதரையும் காய்கனிகளையும் தீட்டினார். பழங்குடியினரும் ஆப்பிரிக்கரும் கலப்பினத்தாரும் ஆளுயரத்தில் நிற்கும் எட்டு ஓவியங்களும், அன்னாசி, தேங்காய், மரவள்ளி முதலியவற்றைக் காட்டும் பன்னிரண்டு ஓவியங்களும் அவர் புகழை இன்றும் நிலைநிறுத்துகின்றன.

லெய்டன் நகரத்து மருத்துவர் வில்லம் பிசோ, வெப்பமண்டல நோய்களையும் பழங்குடியினர் கையாண்ட மூலிகைகளையும் ஆராய்ந்தார். சீதபேதிக்கு அவர்கள் பயன்படுத்திய இப்பெக்காக் என்னும் வேரை ஐரோப்பிய மருத்துவ உலகுக்கு அவர் விளக்கினார். சாக்சனியில் பிறந்த கியோர்க் மார்க்கிராஃப், விண்ணியலும் தாவரவியலும் நிலப்படக்கலையும் கற்றவர். அவருக்காக யோகான் மௌரிட்ஸ் ஒரு வானாய்வுக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். ஐரோப்பியக் கருவிகளுடன் அமெரிக்க மண்ணில் அமைந்த முதல் வானாய்வுக்கூடம் அதுவாகும். அங்கிருந்து தென்வானத்து விண்மீன்களை மார்க்கிராஃப் கணக்கிட்டார். 1640 நவம்பரில் நிகழ்ந்த ஞாயிற்று மறைப்பையும் உற்றுநோக்கிப் பதிவுசெய்தார். காடுகளில் அலைந்து நூற்றுக்கணக்கான செடிகளையும் மீன்களையும் பறவைகளையும் விலங்குகளையும் தொகுத்தார்.

இவ்விருவரின் ஆய்வுகளும் ஒன்றுசேர்ந்து, பிரேசிலின் இயற்கை வரலாறு என்னும் பொருள்படும் இலத்தீன் நூலாக 1648இல் வெளிவந்தன. அடுத்த நூற்றாண்டில் உயிரினங்களுக்கு அறிவியற்பெயர் சூட்டிய லின்னேயஸ், பிரேசில் உயிரினங்களைப் பற்றி அறிய அந்நூலைப் பயன்படுத்தினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அத்துறையில் அதனை விஞ்சிய நூல் தோன்றவில்லை.

தெரியுமா?

தம் கண்டுபிடிப்புகளைப் பிறர் தமதெனக் கூறிவிடலாம் என அஞ்சிய மார்க்கிராஃப், குறிப்புகளின் ஒரு பகுதியை மறைகுறி எழுத்தில் எழுதினார். அவர் ஆப்பிரிக்காவின் லுவாண்டாவில் இளம் வயதிலேயே மறைந்தார். பின்னர், யோகானஸ் டி லாட் என்னும் அறிஞர் அக்குறிகளை அரிதின் முயன்று படித்து நூலாகப் பதிப்பித்தார்.

கரும்பின் கசப்பு

மாளிகையும் தோட்டமும் ஓவியமும் நூலும் சர்க்கரையின் வருவாயால் எழுந்தவை. அந்தச் சர்க்கரை எவருடைய உழைப்பில் விளைந்தது என்பதை மறந்து இவ்வரலாற்றைப் படிக்க இயலாது. கரும்பு வெட்டியவரும், ஆலையில் சாறு பிழிந்தவரும், கொதிக்கும் கொப்பரைகளின் முன் இரவுபகலாக நின்றவரும் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணரப்பட்ட அடிமைகள். போரின் குழப்பத்தில் அவர்களுள் பலர் தப்பிக் காடுகளுக்குள் சென்றிருந்தனர். ஆலைகள் மீண்டும் ஓட வேண்டுமானால் புதிய அடிமைகள் வேண்டும் எனத் தோட்டக்காரர் கேட்டனர்.

மனிதரை விற்பது அறமா என்னும் ஐயம் டச்சு நாட்டில் சிலருக்கு இருந்தது. யோகான் மௌரிட்ஸ் அந்த ஐயத்தில் நிற்கவில்லை. அடிமைகள் இல்லாமல் பிரேசிலில் எதையும் செய்ய முடியாது என்று 1638இல் கம்பெனிக்கு அவர் அறிக்கை அனுப்பினார். அதற்கு முன்பே, 1637இல், ரெசிஃபியிலிருந்து படை அனுப்பி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுகீசியரின் எல்மினா கோட்டையைக் கைப்பற்றச் செய்திருந்தார். 1640 இறுதியில் போர்ச்சுகல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்து தன்னாட்சி பெற்றது. 1641இல் டச்சு நாட்டுடன் பத்தாண்டு அமைதி ஒப்பந்தமும் செய்துகொண்டது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குள் இயன்றதைப் பற்றிக்கொள்ளக் கம்பெனி விரும்பியது. யோகான் மௌரிட்ஸ் அனுப்பிய கப்பற்படை அவ்வாண்டு ஆகஸ்டில் லுவாண்டாவைக் கைப்பற்றியது. அடிமை வணிகத்தின் இருபெரும் வாயில்கள் இவ்வாறு டச்சு நாட்டினரின் கைக்கு வந்தன. 1636 முதல் 1645 வரையிலான காலத்தில் டச்சுப் பிரேசிலுக்கு ஏறத்தாழ 23,000 ஆப்பிரிக்கர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். கடலிலேயே மாண்டோர் இக்கணக்கில் இல்லை.

இவ்வணிகத்தை யோகான் மௌரிட்ஸ் கம்பெனிக்காக மட்டும் நடத்தவில்லை. தமக்காகவும் அடிமைகளை வாங்கி விற்று வருவாய் ஈட்டியதை அண்மைக்கால ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. எக்கவுட் தீட்டிய ஆப்பிரிக்கப் பெண்ணின் ஓவியம் கூடையும் கனியும் மணிமாலையுமாகப் பொலிவுடன் விளங்குகிறது. அதே காலத்தில் ஆளுநரின் பணியில் இருந்த சகரியாஸ் வாக்னர் வரைந்த அப்பெண்ணின் படத்திலோ, அவள் மார்பருகே சூட்டுக்குறி ஒன்று காணப்படுகிறது. அது ஆளுநரின் பெயரெழுத்தைக் கொண்ட குறி என ஆய்வாளர் கருதுகின்றனர். பெரிய ஓவியம் மறைத்ததைச் சிறிய படம் காட்டிக்கொடுத்தது.

அடிமைகள் எல்லாரும் அடங்கியிருக்கவில்லை. தப்பியோடியவர்கள் உள்நாட்டு மலைக்காடுகளில் பல்மாரிஸ் என்னும் தன்னுரிமைக் குடியிருப்புகளை அமைத்துப் பயிர்செய்து வாழ்ந்தனர். 1644இல் டச்சுப் படை அவற்றின்மீது பாய்ந்தது. ஆயினும், அழிக்க இயலவில்லை. யோகான் மௌரிட்ஸ் நாடு திரும்பிய பின்னும் அரை நூற்றாண்டுக் காலம் பல்மாரிஸ் நிலைத்து நின்றது.

பாலமும் பறக்கும் காளையும்

ரெசிஃபியையும் மௌரிட்ஸ் நகரையும் ஆறு பிரித்தது. மக்கள் ஓடங்களில் கடந்து வந்தனர். இரண்டையும் இணைக்கும் பாலப்பணி தொடங்கப்பட்டது. கல்தூண்கள் சில எழுந்தன. ஆழமான பகுதிக்கு வந்ததும் பணி நின்றது. முடியாத வேலை என்று மக்கள் எள்ளி நகையாடினர். யோகான் மௌரிட்ஸ் தம் சொந்தப் பொறுப்பில் பணியை ஏற்று, எஞ்சிய பகுதியை மரத்தால் அமைத்து முடித்தார்.

1644ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. அன்று ஒரு காளை வானில் பறக்கும் என ஆளுநர் அறிவித்தார். அதைக் காண நகரமே திரண்டது. பாலத்தைக் கடந்தோர் யாவரும் சுங்கம் செலுத்தினர். முதலில் பழக்கப்பட்ட உயிருள்ள காளை ஒன்று மக்கள் பார்வையில் நிறுத்தப்பட்டது. பிறகு, பதப்படுத்திய காளைத் தோலில் வைக்கோல் அடைத்துச் செய்த உருவம் கயிறுகளின் உதவியால் மேலே சென்றது. கண்டோர் வியந்து ஆரவாரித்தனர். ஒரே நாளில் பாலத்துக்கான வருவாயும் சேர்ந்தது. பறக்கும் காளையின் கதையை ரெசிஃபி மக்கள் இன்றும் மகிழ்வுடன் கூறுகின்றனர்.

விடைபெறுதலும் வீழ்ச்சியும்

கம்பெனியின் இயக்குநர்கள் ஆம்ஸ்டர்டாமில் அமர்ந்து கணக்கேடுகளைப் புரட்டினர். மாளிகைக்கும் படைக்கும் ஆகும் செலவு அவர்களுக்கு மிகையாகத் தோன்றியது. படையைக் குறைக்குமாறும், தோட்டக்காரரிடம் கடனைக் கண்டிப்புடன் வசூலிக்குமாறும் ஆணைகள் வந்தன. அவ்வாறு செய்தால் மக்கள் கிளர்ந்தெழுவர் என யோகான் மௌரிட்ஸ் எச்சரித்தார். கருத்து வேறுபாடு முற்றியது. கம்பெனி அவரைத் திரும்ப அழைத்தது. தமக்குப்பின் ஆள்வோருக்கு அவர் விரிவான அறிவுரை ஒன்றை எழுதிவைத்தார். படைவீரரின் ஊதியத்தைக் காலம் தாழ்த்தலாகாது, கடன்பட்ட தோட்டக்காரரை நெருக்கலாகாது, பிற சமயத்தாரின் வழிபாட்டில் தலையிடலாகாது என்பன அதன் சாரம்.

1644 மே மாதம் அவர் ரெசிஃபியைவிட்டுப் புறப்பட்டார். டச்சுக்காரரும் போர்ச்சுகீசியரும் யூதரும் பழங்குடியினரும் வழியெங்கும் திரண்டு விடைகொடுத்தனர். அறிவுரையைப் புதிய ஆட்சியாளர் பின்பற்றவில்லை. ஓராண்டு கழிந்தது, 1645 சூனில் கடன்பட்ட தோட்டக்காரர் கிளர்ச்சி செய்தனர். குவாரராப்பிஸ் குன்றுகளில் 1648இலும் 1649இலும் டச்சுப் படை தோற்றது. 1654 சனவரியில் ரெசிஃபி போர்ச்சுகீசியரிடம் பணிந்தது. யூதக் குடும்பங்கள் மீண்டும் கப்பலேற நேர்ந்தது. அவர்களுள் ஒரு சிறு குழுவினர் வட அமெரிக்காவின் நியூ ஆம்ஸ்டர்டாமை அடைந்தனர். அதுவே பின்னாளில் நியூயார்க் நகரமாயிற்று.

மீண்டும் ஓர் ஆளுநர் பதவி

தி ஹேக் திரும்பிய யோகான் மௌரிட்ஸை அவருடைய மாளிகை வரவேற்றது. மௌரிட்ஸ்ஹவுஸ் எனப்படும் அதைச் சர்க்கரை மாளிகை என்று மக்கள் எள்ளலாக அழைத்தனர். 1647இல் பிராண்டன்பர்க் கோமகன் ஃபிரீட்ரிக் வில்லெல்ம், ரைன் கரையில் அமைந்த கிளீவ், மார்க் பகுதிகளின் ஆளுநராக அவரை நியமித்தார். இறக்கும்வரை அப்பொறுப்பில் அவர் நீடித்தார். நெடும்போரால் சீரழிந்து, மூவகைக் கிறித்தவரும் கலந்து வாழ்ந்த நிலப்பகுதி அது. பிரேசிலில் பெற்ற பட்டறிவு அங்குக் கைகொடுத்தது. அவர் ஆட்சிக்காலத்தில், 1655இல், டூயிஸ்பர்க் நகரில் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. கிளீவ் நகரைச் சுற்றிக் குன்றுச்சரிவுகளில் பூங்காக்களையும் மரஞ்செறிந்த சாலைகளையும் அவர் அமைத்தார். பெர்லினில் இருந்த கோமகனுக்கும் இத்தோட்டக்கலை வழிகாட்டியது. 1652இல் அவருக்கு இளவரசர் பட்டம் வழங்கப்பட்டது.

பிரேசிலிலிருந்து கொணர்ந்த கலைச்செல்வங்களை அவர் அரசர்களுக்கு வழங்கி நட்பையும் சிறப்பையும் பெற்றார். 1652இல் ஒரு தொகுதி பிராண்டன்பர்க் கோமகனை அடைந்தது. எக்கவுட்டின் பேரோவியங்கள் 1654இல் டென்மார்க் மன்னருக்குச் சென்றன. அவை இன்று கோபன்கேகன் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1679இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கும் ஓவியங்களை அனுப்பினார். அவற்றைக் கொண்டு பாரிசில் நெய்யப்பட்ட திரைச்சீலைகள் பெரும்புகழ் பெற்றன. காங்கோ நாட்டு மன்னர் அவருக்கு அனுப்பிய வெள்ளித் தட்டு ஒன்று, பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் கலமாகச் சீகன் நகரத் தேவாலயத்துக்கு வழங்கப்பட்டது. தென்னமெரிக்காவின் பெருவில் உருவாகி, ஆப்பிரிக்காவின் அடிமை வணிகப் பாதையில் பயணித்து, செருமானியக் கோயிலில் வந்து சேர்ந்த அத்தட்டு, அக்காலத்தின் முழுக்கதையையும் தன்னுள் அடக்கியுள்ளது.

முதுமையிலும் போர்க்களம் அவரை அழைத்தது. 1672இல் பிரெஞ்சுப் படை டச்சு நாட்டுக்குள் புகுந்தபோது, ஆம்ஸ்டர்டாமின் வாயிலாகிய முயிடன் நகரைக் காத்தார். 1674இல் எழுபது வயதில் செனஃப் போரிலும் பங்குகொண்டார். பின்னர்ப் பணியிலிருந்து விலகிக் கிளீவ் நகரை அடுத்த பெர்கந்தால் என்னும் சோலையில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளாமலேயே வாழ்ந்த அவர், தமக்கான இரும்புக் கல்லறையை அங்குத் தாமே அமைத்துக்கொண்டார். 1679 டிசம்பர் 20ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவருடைய உடல் பின்னர்ச் சீகன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

வரலாற்றின் அளவுகோல்

ரெசிஃபியில் இன்றும் ஒரு பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தி ஹேக் நகரத்து மாளிகை 1822 முதல் உலகப்புகழ் பெற்ற ஓவியக்கூடமாக விளங்குகிறது. நெடுங்காலம் அவர் கலைவளர்த்த இளவரசராகவே போற்றப்பட்டார். 2019இல் அதே ஓவியக்கூடம் அவருடைய மறுபக்கத்தையும் காட்டும் கண்காட்சி ஒன்றை நடத்தியது. மாளிகையைக் கட்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை மக்கள் முன் வைத்தது.

பிற சமயத்தாரை மதித்த ஒருவர், மற்றோர் இனத்தாரை விற்பனைப் பொருளாகக் கருதினார். ஒரு செடியின் இலையமைப்பைப் பதிவுசெய்யப் பொருளுதவி செய்தவர், அச்செடி வளர்ந்த மண்ணில் உழைத்தோரின் பெயரைக்கூடப் பதியவில்லை. பாலம் கட்டியவர் அவர். விலங்கு பூட்டியவரும் அவரே. இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான், ஒருவர் போற்றிய அறம் எதுவரை சென்றது, எங்கு நின்றது என்பது தெளிவாகிறது.

கற்பவை கற்றபின்

1. யோகான் மௌரிட்ஸின் ஆட்சியில் நீங்கள் போற்றும் கூறுகளையும் ஏற்க இயலாத கூறுகளையும் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. முந்திரி, மரவள்ளி, அன்னாசி ஆகியவை தென்னமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த வரலாற்றைத் திரட்டிக் கட்டுரையாக எழுதுக.

3. அடிமை வணிகத்தால் வந்த பொருளைக்கொண்டு எழுப்பப்பட்ட மாளிகைகளும் சிலைகளும் இன்று எவ்வாறு காட்சிப்படுத்தப்பட வேண்டும் என்பது குறித்து ஒரு சொற்போர் நிகழ்த்துக.